பொம்மைய பொம்மையா தெரியாம படம் புடிக்கறது

போன வருஷம் ஒரு சாமுராய் ஃபிகர், அதாவது கை கால மடக்கி நிக்க வெக்கிற பொம்மை வாங்கினேன், ஆறு இஞ்ச், கத்திய பாதி உருவின போஸ்ல நிக்க வெச்சு, டேபிள் லேம்ப போட்டு, ராத்திரி பதினோரு மணி வரைக்கும் உக்காந்து படமா எடுத்துத் தள்ளி, அதுல இருக்கறதுல நல்லதா ஒண்ண எடுத்து வீட்டு க்ரூப்ல போட்டா தங்கச்சி ஒரே வரில பதில் அனுப்பறா, "நல்லாருக்குண்ணா, ஆனா பொம்மை மாதிரியே இருக்கு". பொம்மைய பொம்மை மாதிரி இருக்குன்னு சொன்னா கோவிச்சுக்க முடியுமா? ஆனா எனக்கு சுருக்குன்னுதான் இருந்துச்சு. ஏன்னா அவ சொன்னது சரி. முகத்துல கண்ணு ஷார்ப்பா இருக்கு, கத்தி நுனி கலங்கிப் போயிருக்கு, பின்னாடி எல்லாம் மாவா கரைஞ்சு கிடக்கு, மேலேர்ந்து குனிஞ்சு பாத்த ஆங்கிள். யாரு பாத்தாலும் மேசை மேல நிக்கிற பிளாஸ்டிக்னு ரெண்டு செகண்ட்ல தெரிஞ்சுடும்.

அதுக்கப்புறம் ஒரு வருஷமா நான் செஞ்ச வேலை எல்லாமே அந்த ஒரு வரிக்கு பதில் சொல்றதுக்குத்தான். கும்பகோணம் பக்கத்துல ஒரு கிராமத்துல உக்காந்துகிட்டு, செகண்ட் ஹேண்ட்ல வாங்கின ஒரு பழைய க்ராப் சென்சார் கேமரா (படம் பதியற சில்லு கொஞ்சம் சின்னதா இருக்கறது), அதோட வந்த 18-55 கிட் லென்ஸ், ஆசைப்பட்டு தனியா வாங்கின 50 எம்எம் எஃப் 1.8 லென்ஸ், இவ்ளோதான் சரக்கு. ஸ்டூடியோ லைட் எல்லாம் கிடையாது.

மொதல்ல அந்த 1.8 மோகத்த சொல்லிடறேன். எஃப் நம்பர்னா லென்ஸ் துவாரத்தோட அளவு, நம்பர் சின்னதானா துவாரம் பெரிசு. லென்ஸ் வாங்கறப்ப எல்லாரும் பேக்ரவுண்ட் ப்ளர், பேக்ரவுண்ட் ப்ளர்னு உசுப்பேத்தி விடுவாங்க, கல்யாண ஃபோட்டோவுக்கு அது சரி, மாப்பிள்ளை நாலு மீட்டர் தள்ளி நிக்கிறாரு. நம்ம ஃபிகர் அரை மீட்டர்ல நிக்கிது. அவ்ளோ கிட்டக்க போனா ஃபோகஸ்ல இருக்கற ஆழம் சுருங்கிப் போயிடும். நான் ஸ்கூல் ஸ்கேல் ஒண்ண கேமராவுக்கு நேரா நீட்டி வெச்சு, நடுவுல 15ங்கற நம்பர்ல ஃபோகஸ் பண்ணி எடுத்துப் பாத்தேன், எஃப் 1.8ல ஆறு ஏழு மில்லிமீட்டர்தான் தெளிவு, அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் கலங்கல். ஆறு இஞ்ச் ஃபிகரோட மூக்கு நுனிக்கும் காதுக்கும் நடுவுலயே ஒரு சென்டிமீட்டருக்கு மேல இருக்கும்! எஃப் 8ல அதே தூரத்துல சுமார் 3 சென்டிமீட்டர், எஃப் 11ல கிட்டத்தட்ட 4.

இதுல இன்னொரு விஷயம் இருக்கு, அதுதான் தங்கச்சி சொன்னதுக்கு உண்மையான காரணம். நிஜ மனுஷன முழு உசரத்துக்கு படம் எடுத்தா தலைலேர்ந்து கால் வரை, நீட்டின கை வரை எல்லாமே தெளிவாத்தான் இருக்கும், நம்ம கண்ணு அப்படியே பழகிருக்கு. எப்ப ஒரு படத்துல ப்ளர் ரொம்ப அதிகமா இருக்கோ அப்ப மூளை தானா "ஓ, இது சின்னப் பொருள், கிட்டக்க வெச்சு எடுத்தது"ன்னு முடிவு பண்ணிடுது. ட்ரோன்ல ஒரு டவுன எடுத்துட்டு மேலயும் கீழயும் ப்ளர் பண்ணி விட்டா கார், பஸ் எல்லாம் விளையாட்டு சாமான் மாதிரி ஆகிடுதே, அதே வித்தைதான். அங்க பெரிசு சின்னதாகுது, நான் காசு குடுத்து லென்ஸ் வாங்கி, ஏற்கனவே சின்னதா இருக்கறத இன்னும் சின்னதாக்கிட்டு இருந்திருக்கேன்.

அதனால இப்ப எனக்கு எஃப் 8லேர்ந்து 11 வரைதான். 16, 22ன்னு போனா இன்னும் ஆழம் கிடைக்குமேன்னு தோணும், கிடைக்கும்தான், ஆனா துவாரம் ரொம்ப குறுகிப் போனா வெளிச்சம் ஓரத்துல பட்டு விரிஞ்சு படம் மொத்தமுமே லேசா மழுங்கிடும், க்ராப் சென்சார்ல அது சீக்கிரமே கண்ணுக்குத் தெரியும். அதுக்கு பதிலா பின்னாடி வாங்க. அரை மீட்டர்ல எடுத்தத ஒரு மீட்டருக்கு தள்ளிப் போய் எடுத்தா ஆழம் நாலு மடங்கு ஆகுது, எஃப் 11ல 16 சென்டிமீட்டர் வருது, கத்தி நுனிலேர்ந்து முதுகுல தொங்கற துணி வரை அடங்கிடும். ஃபிகர் படத்துல சின்னதா விழும், க்ராப் பண்ணிக்கணும், க்ராப் பண்ணி பெரிசாக்கறப்ப அந்த நாலு மடங்கு லாபம் ரெண்டு மடங்கா குறையும், கணக்கு அப்படி. இருந்தாலும் லாபம் லாபம்தான். 24 மெகாபிக்சல்ல அகலத்துல பாதி, உசரத்துல பாதி வெட்டினாலும் 6 மெகாபிக்சல் மிச்சம், ஃபோன்ல பாக்கறவங்களுக்கு அதுவே ஜாஸ்தி.

ஐஎஸ்ஓ 100 (வெளிச்சத்த கேமரா எவ்ளோ தூக்கிக் காட்டணும்ங்கற நம்பர்), மேனுவல் மோடு, ரா ஃபைல் (கேமரா திருத்தாத படம்), ட்ரைபாட், ரெண்டு செகண்ட் டைமர். இதுல பேசறதுக்கு பெரிசா ஒண்ணுமில்ல. பொம்மை ஓடப்போறதில்ல, ஷட்டர் ஒரு செகண்ட் தொறந்திருந்தாலும் பரவால்ல. ஆனா எங்க வீட்டு மாடி பழைய காலத்து மரச்சட்டம் போட்ட மாடி, கீழ அம்மா கிரைண்டர போட்டா மேல கேமரா நடுங்குது, அத கண்டுபுடிக்கறதுக்குள்ள லென்ஸ்லதான் கோளாறுன்னு நெனச்சு ரெண்டு வாரம் அலைஞ்சேன். இப்ப கீழ ரேழிலதான் எல்லாம். ஃபோகஸ கேமராகிட்ட விடாதீங்க, அது கத்தியோட கைப்பிடி பளபளப்பப் பாத்து அங்க போய் ஒட்டிக்கும், ஸ்க்ரீன்ல பெரிசு பண்ணி கண்ணுல கையால வெச்சுக்கங்க. கருப்பு ட்ரெஸ் போட்ட நிஞ்ஜாவ கேமராவோட வெளிச்ச மீட்டர் சொல்றபடி எடுத்தா வெளிச்சம் கூடி சாம்பல் கலர் ஆகிடும், வெள்ளை கவசம் போட்டத எடுத்தா குறைஞ்சு அழுக்காகிடும், ஏன்னா அந்த மீட்டர் எதப் பாத்தாலும் நடுத்தர சாம்பலா கொண்டுவரத்தான் பாக்கும். கருப்புக்கு ஒரு ஸ்டாப் குறைங்க (வெளிச்சம் பாதி), வெள்ளைக்கு ஒரு ஸ்டாப் கூட்டுங்க (ரெண்டு மடங்கு), அவ்ளோதான்.

கேமராவ எங்க வெக்கிறோம்ங்கறது லென்ஸவிட முக்கியம். ஃபிகரோட கண்ணு உசரத்துக்கோ அதுக்கு கீழயோ. பதினஞ்சு சென்டிமீட்டர் ஆளோட கண்ணு உசரம்னா தரையோட தரையா படுக்கணும், ட்ரைபாட் அவ்ளோ கீழ இறங்காது. ஒரு மஞ்சப்பைல ரெண்டு கிலோ பச்சைப்பயறு கொட்டி வாய தெச்சு, அது மேல கேமராவ அமுக்கி வெச்சிருக்கேன், எந்த ஆங்கிள்ல அமுக்கினாலும் அப்படியே நிக்கும். பயறுல வண்டு விழுந்து ஒருதரம் மாத்தினேன். அப்பாயி அந்தப் பைய பாக்கறப்பல்லாம் "சுண்டல் பண்ற பயற இப்படி பாழாக்கறானே"ன்னு ஒரு பெருமூச்சு விடுவாங்க.

இனிமேதான் லைட். நான் மொதல்ல லேம்ப ஃபிகர் தலைக்கு மேல ஒரு சாண் உசரத்துல புடிச்சு வெச்சேன், வெளிச்சம் நல்லா பளிச்சுன்னு விழுதேன்னு. படத்துல பாத்தா தலை வெளுத்துப் போயி, கால் இருட்டுல கிடக்கு. ஏன்னு யோசிச்சா கணக்கு சுலபம், தூரம் ரெண்டு மடங்கானா வெளிச்சம் கால்வாசி ஆகும்னு ஸ்கூல்லயே படிச்சதுதான். லேம்ப்லேர்ந்து தலைக்கு 20 சென்டிமீட்டர், காலுக்கு 35ன்னா, தலைல விழற வெளிச்சம் கால்ல விழறத போல மூணு மடங்கு. நிஜத்துல வெயில்ல நிக்கிற ஆளுக்கு தலைக்கும் காலுக்கும் அப்படி வித்தியாசம் இருக்குமா? சூரியன் கோடிக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருக்கு. அதனால லேம்ப அறுபது எழுபது சென்டிமீட்டர் தள்ளி வெச்சா அந்த வித்தியாசம் ஒண்ணரை மடங்கா குறைஞ்சுடுது, வெளிச்சம் கம்மியாகும், ஷட்டர நீட்டிக்கங்க. வெளில நிக்கிற மாதிரி காட்டணும்னா லைட்ட தூரத்துல வைங்க, குகைக்குள்ள தீப்பந்தம் பக்கத்துல நிக்கிற மாதிரி காட்டணும்னா கிட்டக்க வைங்க. இது புரிஞ்ச அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரல.

நிழலோட ஓரம் இன்னொரு சங்கதி. நம்ம 9 வாட் பல்ப் நமக்கு சின்னது, ஆறு இஞ்ச் ஆளுக்கு அது ட்ராக்டர் சக்கரம் அளவு இருக்கும், கிட்டக்க வெச்சா நிழல் ஓரம் தானா குழையும். மத்தியான வெயில் மாதிரி கத்தி வெட்டின நிழல் வேணும்னா ஃபோன் டார்ச்ச ரெண்டு மீட்டர் தள்ளி புடிங்க. மேகமூட்டம் மாதிரி வேணும்னா நடுவுல பட்டர் பேப்பர். ஸ்டேஷனரி கடைல வாங்கின பட்டர் பேப்பர ஒரு பழைய ஃபோட்டோ ஃப்ரேம்ல ஒட்டி வெச்சிருக்கேன், நிழல் பக்கத்த லேசா தூக்கி விட மிக்ஸி டப்பால வந்த தெர்மாகோல், இன்னும் கொஞ்சம் பளிச்சுன்னு வேணும்னா சப்பாத்தி சுத்தி வெக்கிற ஃபாயில கசக்கி அட்டைல ஒட்டினது.

சரி, லைட்ட எந்தப் பக்கம் வெக்கிறது? இத நான் படிச்சு தெரிஞ்சுக்கல, தாராசுரத்துல தெரிஞ்சுக்கிட்டேன். அங்க ஐராவதேஸ்வரர் கோயில்ல, ரெண்டாம் ராஜராஜன் கட்டினது, 2004ல உலக பாரம்பரியப் பட்டியல்ல சேந்துச்சு, அந்தக் கோயில்ல மூலவர் சன்னதிய சுத்தி அடிப்பகுதில நாயன்மார் கதைங்கள வரிசையா சின்னச் சின்னதா செதுக்கியிருப்பாங்க. என் ஃபிகர் சைஸுக்கு கிட்டத்தட்ட வர்ற ஆளுங்கதான். சின்ன வயசுலேர்ந்து மத்தியான நேரத்துல போயிட்டு "என்னமோ இருக்கு"ன்னு தாண்டிப் போயிருக்கேன். ஒரு நாள் வெயில் சாஞ்சு சுவத்தோட சுவரா தடவிக்கிட்டு விழற நேரத்துல பாத்தா ஒவ்வொரு ஆளும் கல்லுலேர்ந்து எழுந்து வெளிய வர்றாங்க, முட்டி, மூக்கு, துணி மடிப்பு எல்லாத்துக்கும் தனித்தனியா நிழல். அதே கல்லு, அதே செதுக்கல். நேரா முகத்துல அடிக்கிற லைட்டு எல்லாத்தையும் தட்டையாக்கும், பக்கவாட்டுல சாஞ்சு வர்ற லைட்டுதான் உருவத்த காட்டும். அன்னைலேர்ந்து கேமரா மேல இருக்கற ஃப்ளாஷ நான் தொடறதே இல்ல. மெயின் லைட்ட பக்கவாட்டுல, கொஞ்சம் பின்னாடி தள்ளியே வெக்கிறேன்.

பளபளன்னு இருக்கற ரோபோ ஃபிகருக்கு இந்த வித்தை பலிக்காது. எங்கிட்ட ஒரு வெள்ளி கலர் ரோபோ இருக்கு, அத எடுத்து பெரிசு பண்ணி பாத்தா நெஞ்சுல என் கட்டம் போட்ட கைலி தெரியுது! மெட்டல் தன்ன காட்டாது, எதிர்ல இருக்கறதத்தான் காட்டும். சுவாமிமலைல வெண்கல சிலைக் கடைங்கள்ல நின்னு பாருங்க, சிலை மேல தெரியற அந்த நீளமான வெள்ளைக் கோடு எல்லாம் வாசல் வெளிச்சமும் ஜன்னல் வெளிச்சமும்தான். அதனால ரோபோவ எடுக்கறப்ப ரோபோ மேல லைட் அடிக்கறதில்ல, அது பாக்கற பட்டர் பேப்பர் மேல அடிக்கிறேன், ரெண்டு பக்கமும் பேப்பர், நடுவுல கருப்பு சார்ட் ஒரு பட்டையா. நானும் கருப்பு சட்டை போட்டுக்கறேன். கைலி வேண்டாம்.

கலரப் பத்தி ஒண்ணு. ரேழில குண்டு பல்ப் மாதிரி மஞ்சள் எல்இடி 2700 கெல்வின் (இந்த நம்பர் கம்மின்னா மஞ்சள், ஜாஸ்தின்னா நீலம்), கூடத்துல வெள்ளை ட்யூப் 6500, வாசல்லேர்ந்து பகல் வெளிச்சம், மூணும் கலந்தா முகம் ஒரு பக்கம் மஞ்சக்காமாலை, ஒரு பக்கம் நீலம். கேமராவே கலர சரி பண்ணிக்கற ஆட்டோ வொயிட் பேலன்ஸ் எத சரி பண்ணும் பாவம். மத்த எல்லாத்தையும் அணைச்சுட்டு ஒரே வகை லைட்ட வைங்க. வேணும்னே கலக்கறது வேற கதை, முகத்துக்கு மஞ்சள், முதுகுக்கு வெள்ளை ட்யூப், கேமராவோட வொயிட் பேலன்ஸ நடுவுல 4000 கிட்ட வெச்சா ராத்திரி சண்டை சீன் மாதிரி அருமையா வரும். மட்டமான எல்இடி பல்ப் நம்ம 50 ஹெர்ட்ஸ் கரண்ட்ல செகண்டுக்கு நூறு தடவ மினுக்கும், ஷட்டர வேகமா வெச்சா படத்துல பட்டை பட்டையா கோடு விழும், 1/100, 1/50 இல்ல அதுக்கும் மெதுவா வெச்சா ஓடிடும்.

சாம்பிராணி! இத சொல்லாம விட்டா எப்படி. மூட்டத்துக்கு வெளிநாட்டுக்காரங்க மெஷின் வெச்சிருக்காங்க, நமக்கு கப் சாம்பிராணி. ஃபிகருக்குப் பின்னாடி மறைவா ஏத்தி வெச்சு, ஃபேன நிறுத்தி, லைட்ட புகைக்குப் பின்னாடிலேர்ந்து கேமராவப் பாத்த மாதிரி வெக்கணும், முன்னாடிலேர்ந்து அடிச்சா புகை சாம்பல் கறையாத்தான் தெரியும், பின்னாடிலேர்ந்து வந்தாதான் ஜொலிக்கும். ஷட்டர் ஒரு செகண்டுன்னா புகை கரைஞ்சு மார்கழி பனி மாதிரி ஆகிடும். சுருள் சுருளா வேணும்னா 1/60 கிட்ட வரணும், அப்பத்தான் ஐஎஸ்ஓவ 1600 வரை தூக்கறேன், எஃப் 8. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அம்மா வீடு பூரா சாம்பிராணி போட்டுட்டு வர்றப்ப "இங்கயும் காட்டும்மா"ன்னு கேட்டு ஒரு தடவ எடுத்தேன், அம்மா சிரிச்சுகிட்டே காட்டினாங்க, அடுத்த வெள்ளிக்கிழமை "வெளக்கு வெச்ச நேரத்துல இதென்னடா கூத்து"ன்னு வெரட்டிட்டாங்க. அப்பறம் ஃபிகர ஈரத்துணில தொடைங்க, புகை எண்ணெய் மாதிரி படிஞ்சுடும்.

நவராத்திரி கொலுவுக்கு அத்தை வீட்டுல எல்லா பொம்மையையும் நான்தான் படம் எடுத்துக் குடுத்தேன், அதுல தஞ்சாவூர் தலையாட்டி பொம்மைய மட்டும் கால் செகண்ட்ல எடுத்தேன், லேசா தட்டி விட்டு. தலையும் பாவாடையும் அலையா கரைஞ்சு, அடி மட்டும் அசையாம நிக்கிது. ஃபிகருக்கு இந்த பாக்கியம் கிடையாது.

வெளில எடுக்கறதுதான் எனக்கு இப்ப பைத்தியம். மொதல்ல கொள்ளிடத்து மணலுக்கு எடுத்துட்டுப் போனேன், பாலைவனம் மாதிரி வரும்னு. வரல. நம்ம கண்ணுக்கு பொடி மணல், ஆறு இஞ்ச் ஆளு பக்கத்துல ஒவ்வொரு மணலும் ஜல்லிக்கல்லு மாதிரி தெரியுது. நிஜ ஆளுல பன்னெண்டுல ஒரு பங்கு, 1/12 சைஸுன்னா சுத்தி இருக்கற எல்லாமும் பன்னெண்டு மடங்கு பெரிசா தெரியும்னு அப்பத்தான் உறைச்சுது. அதுவும் இல்லாம மணல் முட்டி ஜாயிண்ட்டுக்குள்ள போயி கால மடக்கினா நறநறங்குது, பழைய டூத் பிரஷ்ல தண்ணி விட்டு தேச்சு எடுக்க ஒரு மணி நேரம். திரும்பி வர்றப்ப வண்டி பெட்டிக்குள்ள வெச்சு வெயில்ல நிறுத்திட்டு டீ குடிக்கப் போனேன், வந்து பாத்தா கத்தி வெந்த முருங்கைக்காய் மாதிரி வளைஞ்சு தொங்குது. பிவிசி சூட்டுல எளகிடும். சுடுதண்ணில முக்கி நேராக்கி உடனே பச்சத்தண்ணில விட்டா நிமிந்துடும், நிமிந்துச்சு, ஆனா அந்த நேரத்துக்கு வயிறு கலங்கிடுச்சு.

நாத்தங்கால் நல்லாருக்கு. ஒரு சாண் நாத்து அவனுக்கு தலைக்கு மேல வளந்த காடு, நடுவுல நிக்க வெச்சு காலைல எடுத்தா பின்னாடிலேர்ந்து வெயில் ஒவ்வொரு தாள்லயும் பச்சையா ஊடுருவும், அடியில ஒரு சின்ன தேங்காமூடிய கவுத்து அது மேல நிக்க வெச்சேன், சேத்துல புதையாம இருக்க. ஐப்பசி, கார்த்திகைல வானமே ஒரு பெரிய பட்டர் பேப்பர்தான், எங்க வெச்சாலும் நல்ல லைட்டு, ஆனா மழை எப்ப ஊத்தும்னு தெரியாது, குடையோட ஒரு ஆள் பக்கத்துல நிக்கணும், தங்கச்சிக்கு பஜ்ஜி வாங்கித் தரணும்.

ஆனா எல்லாத்தையும் விட உளுந்து எடுத்தப்பறம் காஞ்சு கிடக்கற வயல்தான். சித்திரை வைகாசில களிமண் பாளம் பாளமா வெடிச்சிருக்குமே, நமக்கு அதப் பாத்தா மனசு கஷ்டமாத்தான் இருக்கும், ஆனா வெடிப்பு பக்கத்துல படுத்து பயறுப் பை மேல கேமராவ வெச்சு பாத்தா அது வேற ஒரு கிரகம். வெடிப்பு ஒவ்வொண்ணும் பள்ளத்தாக்கு, ஓரத்துல நிஞ்ஜா எட்டிப் பாத்துகிட்டு நிக்கிறான். களிமண்ணுல மணல் மாதிரி பெரிய பெரிய துகள் கிடையாது, மழமழன்னு இருக்கும், அதனாலயே அளவு காட்டிக் குடுக்காது. வெயில் சாயற நேரம், எஃப் 11, ஐஎஸ்ஓ 100, வெயில் நல்லா இருந்தா 1/200, இறங்க இறங்க 1/60 வரை. இருட்டுப் பக்கத்துக்கு தெர்மாகோல் துண்டு ஒண்ணு, காத்துல பறக்காம அது மேல செருப்பு.

ஃபோன்லயே எடுக்கறவங்களுக்கும் இதேதான். போர்ட்ரெய்ட் மோடு வேண்டாம், அது கத்தி ஓரத்த எல்லாம் வெட்டி முழுங்கிடும். கிட்டக்க ஒட்டாம ரெண்டடி பின்னாடி வந்து 2எக்ஸ் ஜூம் வைங்க, கண்ணு மேல விரல அழுத்திப் புடிச்சு ஃபோகஸ பூட்டுங்க, வெளிச்சத்த கொஞ்சம் கீழ இழுத்து விடுங்க. ஃபோன தலைகீழா திருப்பிப் புடிச்சா லென்ஸ் தரைக்கு ஒட்டி வரும், பயறுப் பை கூட வேண்டாம்.

போன ஞாயித்துக்கிழமை அந்த வெடிப்புல எடுத்த படத்த தங்கச்சிக்கு அனுப்பினேன், "செருப்பு ஓரத்துல தெரியுது பாரு"ன்னு வட்டம் போட்டு அனுப்பிருக்கா. தெரியுது. மறுபடி போகணும். ஜூன் 12ல மேட்டூர் தொறந்துட்டா கல்லணை தாண்டி நம்ம வாய்க்காலுக்கு தண்ணி வந்துடும், அப்பறம் ட்ராக்டர் இறங்கிடும், வெடிப்பெல்லாம் சேறாகிடும், அதுக்குள்ள ரோபோவையும் ஒரு தடவ அங்க கூட்டிட்டுப் போயி, அது நெஞ்சுல அந்த வெடிச்ச நிலம் தெரியற மாதிரி எடுத்துடணும்னு பாக்கறேன்.